ஒரு பக்கம் மட்டும் ஒளியை விடும் படிகம்: மேற்குச் சன்னலுக்கு ஆகுமா?

ஆகஸ்ட் 3, சிங்கப்பூர் ஈசூன் வாசகரின் கேள்வி

எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் கூடம் மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சோபாவில் கை வைக்க முடியாது. 'ஒருவழிக் கண்ணாடிப் படலம்' என்று சொல்லி விற்றதை வாங்கி ஒட்டினேன். பகலில் பரவாயில்லை. இரவில் விளக்கைப் போட்டால் எதிர் புளோக்கில் இருப்பவர் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கலாம். ஜப்பானில் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் படிகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது சன்னல் கண்ணாடியாக எப்போது வரும்? வந்தால் வெயிலும் வராது, வெளியேயும் பார்க்கலாம் அல்லவா?

ஆகஸ்ட் 3, இரவு

வராது. வந்தாலும் நீங்கள் கேட்பதை அது செய்யாது.

வெளியே பார்ப்பது என்றால் வெளியிலிருந்து ஒளி உள்ளே வந்து உங்கள் கண்ணில் விழுகிறது என்று பொருள். வெயிலும் அதே சன்னல் வழியாக அதே திசையில்தான் வருகிறது. வேடிக்கையை விட்டு வெயிலை மட்டும் நிறுத்து என்று திசையைக் காவலுக்கு வைத்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். மெய்யான ஒருவழிக் கண்ணாடி கிடைத்து, வெளியே பார்க்கும்படி அதைப் பொருத்தினால் வெயில் முழுதாக உள்ளே வரும். கூடத்து விளக்கொளி மட்டும் வெளியே போகாது. எதிர் புளோக்குக்காரருக்குக் கிரிக்கெட் கிடைக்காது, உங்கள் சோபா அப்படியே சுடும்.

வெயிலைத் தடுக்க வேண்டுமானால் அலைநீளத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் திருப்பிவிட்டு, தெரியும் ஒளியை உள்ளே விடும் படலங்கள் கடையிலேயே இருக்கின்றன. அதற்குப் படிகமும் வேண்டாம், ஜப்பானும் வேண்டாம்.

ஆகஸ்ட் 4

அப்படியானால் பகலில் அந்தப் படலம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது வேலை செய்யவில்லை. வெயில்தான் வேலை செய்கிறது. மெல்லிய உலோகப் பூச்சு கொஞ்சம் ஒளியைத் திருப்புகிறது, கொஞ்சம் விடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விடும் பங்கு ஒன்றே. வெளியே பல மடங்கு வெளிச்சம் இருப்பதால், திரும்பிய வெயிலில் உங்கள் வீட்டு மங்கல் மறைந்துவிடுகிறது. இரவில் நிலைமை தலைகீழ். போலிஸ் விசாரணை அறையில் வைக்கும் கண்ணாடியும் இதே சரக்குதான். பார்ப்பவர் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காருக்குப் படலம் ஒட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், பின்னால் இருப்பவை 25. அந்த எண்ணுக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் கிடையாது. இரண்டு திசைக்கும் ஒரே எண் என்பது இயற்கையின் பழைய வழக்கம். என்னால் உன்னைப் பார்க்க முடிந்தால் உன்னாலும் என்னைப் பார்க்க முடியும். இந்த வழக்கத்தை உடைப்பது எவ்வளவு பாடு என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம். சன்னலை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 5, பின்னிரவு

மெய்யாகவே ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் பொருளை நான் வேலையிடத்தில் நாள்தோறும் கையில் எடுக்கிறேன். ஒளியிழைத் தொடர்புக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. ஐசொலேட்டர் என்பது பெயர். சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஓர் உலோக உருளை, இரண்டு முனையிலும் மெல்லிய இழை, உடம்பில் ஓர் அம்புக்குறி. உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புச் சாமணத்தை அருகே கொண்டுபோனால் மேசையில் உருண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். அம்பு காட்டும் திசையில் ஒளி பெரும்பாலும் தப்பிப் போகும். எதிர்த் திசையில் 30, 40 டெஸிபல் தடுப்பு, அதாவது ஆயிரத்தில் ஒன்றோ பத்தாயிரத்தில் ஒன்றோ கசியும்.

லேசருக்குத் தன் ஒளியே திரும்பி வந்து விழுந்தால் ஆகாது. நிறம் அலையும், இரைச்சல் கூடும். துவாஸிலும் சாங்கியிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களின் பெருக்கிகளுக்குள்ளும் இந்த உருளைதான் காவல் நிற்கிறது. இல்லாவிட்டால் பெருக்கியே தனக்குள் லேசராகப் பிதற்ற ஆரம்பித்துவிடும்.

வேலை செய்யும் விதம் இது. 1845இல் ஃபாரடே கனமான ஈயக் கண்ணாடியைக் காந்தத்தில் வைத்து ஒளியை அனுப்பினார். ஒளியின் அதிர்வுத் தளம் சுழன்றது. இதில் கவனிக்க வேண்டியது, சுழலும் பக்கத்தைக் காந்தப்புலம்தான் முடிவு செய்கிறது, ஒளி போகும் திசை அல்ல. எனவே போகும்போது 45 பாகை சுழன்ற ஒளி, திரும்பும்போது பழைய நிலைக்கு வராமல் இன்னும் 45 சுழன்று 90 ஆகிவிடுகிறது. முன்னால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலரைசர் தகடு, பின்னால் 45 பாகை சாய்வாக இன்னொன்று. திரும்பி வரும் ஒளி முதல் தகட்டுக்குக் குறுக்காக வந்து மோதி நிற்கிறது. ரேலி பிரபு 1885இலேயே இந்த அமைப்பை எழுதிவைத்தார்.

இன்று ஈயக் கண்ணாடிக்குப் பதில் கார்னெட் வகைப் படிகம். டெர்பியம் கேலியம் கார்னெட் படிகம், 1064 நானோமீட்டர் ஒளி, 1 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) காந்தம் என்று கணக்குப் போட்டால் 45 பாகைக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். பிஸ்மத் கலந்த இரும்புக் கார்னெட்டில் தொலைத்தொடர்பு அலைநீளத்துக்கு அரை மில்லிமீட்டரே போதும்.

ஒருமுறை எங்களுக்கு வந்த ஒரு பெட்டி ஐசொலேட்டர்களில் அம்புக்குறி தலைகீழாக அச்சாகியிருந்தது. அனுப்பியவர் யாரென்று சொல்லப்போவதில்லை. மீட்டரில் இருட்டுதான் தெரிந்தது. லேசரைக் குறை சொன்னோம், இழை ஒட்டிய இடத்தைக் குறை சொன்னோம், குளிர்சாதனத்தைக்கூடக் குறை சொன்னோம். எங்கள் மலாய்க்கார மூத்த தொழில்நுட்பர் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் உருளையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, மீண்டும்

"அப்படியென்றால் இது பழைய விஷயம், படிகத்தில் என்ன புதுமை" என்று கேட்கும் தெம்பனிஸ் தம்பிக்கு: கேள்வி சரி. ஐசொலேட்டரில் கார்னெட் படிகம் தனியாக எந்த ஒளியையும் தடுப்பதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவுதான் விடுகிறது. தடுப்பது போலரைசர் தகடுகள். தகட்டை எடுத்துவிட்டால் காவலும் போயிற்று. முதல் கேள்வியில் வந்த ஜப்பான் படிகம் காந்த-மின் படிகம் என்ற வகை. அதில் அந்தப் பொருளே திசை பார்த்து ஒளியை விழுங்குகிறது. நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

ஆகஸ்ட் 7

நாளை என்றது நாளை மறுநாள் ஆகிவிட்டது. இரவு வேலை.

ஒளியில் மின்புலமும் உண்டு, காந்தப்புலமும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும், ஒளி இரண்டுக்கும் குறுக்காகப் போகும். ஒளியின் திசையைத் திருப்ப வேண்டுமானால் இவற்றில் ஒன்றின் குறியை மாற்றினால் போதும். மின்புலத்தை அப்படியே விட்டுக் காந்தப்புலத்தை மட்டும் புரட்டினால் அதே ஒளி எதிர்த் திசையில் போகிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானை இரண்டு பேர் சேர்ந்து தள்ளும் ஊஞ்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மின்புலம், மற்றவர் காந்தப்புலம். ஒளி இந்தப் பக்கமிருந்து வந்தால் இருவரும் ஒரே தாளத்தில் தள்ளுகிறார்கள். ஊஞ்சல் எழும்புகிறது, ஒளி உட்கவரப்படுகிறது. அந்தப் பக்கமிருந்து வந்தால் ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுக்கிறார். இருவர் பலமும் சமமாக இருந்தால் ஊஞ்சல் அசையவே அசையாது. அந்தத் திசையில் வரும் ஒளிக்குப் படிகம் அங்கே இருப்பதே தெரியாது.

எல்லாப் பொருளிலும் இது நடக்காததற்குக் காரணங்கள் உண்டு. படிகத்துக்கு மையச் சமச்சீர் இருந்தால், அதாவது நடுப்புள்ளி வழியாகப் புரட்டினாலும் அதே அமைப்பாக இருந்தால், ஒரே ஊஞ்சலை இருவரும் தொட அனுமதி இல்லை. மின்புலம் தொடும் இடத்தைக் காந்தப்புலம் தொடாது. மையச் சமச்சீர் இல்லாமல், அணுக் காந்தங்கள் வரிசையாக நிற்கும் காந்த ஒழுங்கும் இல்லாவிட்டால், இருவரும் கால் சுற்று விலகித் தள்ளுவார்கள். கூட்டவும் வராது, கழிக்கவும் வராது. ஆகவே மையச் சமச்சீரும், காந்த ஒழுங்கு வந்தால் உடையும் இன்னொரு சமச்சீரும் ஒருசேர உடைய வேண்டும். அப்படி உடைந்த பொருளில் மின்புலம் கொடுத்தால் காந்தமாக்கம் வரும், காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவு வரும். அதனால்தான் அவற்றுக்குக் காந்த-மின் பொருள்கள் என்று பெயர்.

இத்தனையும் அமைந்தாலும் ஒரு தடங்கல் உண்டு. காந்தப்புலத்தின் தள்ளல் சாதாரணமாக மிகவும் சவலை. மின்புலத்தின் முன்னால் அது நிற்காது. எனவே மின்புலத்தின் கையும் கட்டப்பட்டிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். தாமிர அயனியில் எலக்ட்ரான் ஒரே கூட்டுக்குள்ளேயே (ஷெல்) தாவும் தாவல்கள் அப்படிப்பட்ட இடம்.

ஆகஸ்ட் 9, விடுமுறை

தேசிய தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். விமானப்படை விமானங்கள் வரும்போது எழுந்து சன்னலுக்குப் போய்விடுவேன்.

வரலாறு கேட்டிருந்தார்கள். மின்புலத்தால் காந்தமாகும் படிகங்கள் இருக்கலாம் என்று 1894இல் பியேர் கியூரி ஊகித்தார். 1959இல் சோவியத் இயற்பியலாளர் ஜியாலோஷின்ஸ்கி, சமச்சீரை மட்டும் வைத்துக்கொண்டு, குரோமியம் ஆக்சைடில் அது இருந்தே ஆக வேண்டும் என்றார். மறு ஆண்டே அஸ்த்ரோவ் அளந்து காட்டினார். ஒளியின் பக்கம் வர இன்னும் நீண்ட காலம் ஆயிற்று. 1997இல் ரிக்கனும் ரௌபாக்கும் வலது-இடது கை வேறுபாடு உள்ள யூரோப்பியம் சேர்மம் ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்து, அது புலத்தின் திசையில் ஓர் அளவும் எதிர்த் திசையில் வேறோர் அளவும் ஒளிர்வதைக் கண்டார்கள். 2002இல் ரிக்கன் குழு மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்காகக் கொடுத்து ஓர் எர்பியம் படிகத்தில் திசை வேறுபாட்டைக் காட்டியது. எல்லாம் மிகச் சிறிய வேறுபாடு. கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பிறகு ஜப்பானியர்கள் தாமிர மெட்டாபோரேட்டைக் கையில் எடுத்தார்கள். ஆழ்ந்த நீலப் படிகம். 21 கெல்வினுக்குக் கீழே (சுமார் -252 பாகை செல்சியஸ்) காந்த ஒழுங்கு வரும். 2008இல் அரிமா குழு இதில் பெரிய திசை வேறுபாடு காட்டியது. 2015இல் தோயோதாவும் அரிமாவும் மற்றவர்களும் 53 டெஸ்லா வரை புலத்தைக் கொண்டுபோய், 1.4 எலக்ட்ரான்வோல்ட் அருகே (அகச்சிவப்பு ஒளி) ஒரு திசையில் அந்த உட்கவர்தலே காணாமல் போவதைக் காட்டினார்கள். முந்தைய குறிப்பில் சொன்ன சமபலம் இதுதான். 53 டெஸ்லா எவ்வளவு என்றால், மருத்துவமனை எம்ஆர்ஐ கருவி 1.5 அல்லது 3. இந்த அளவுப் புலத்தை மில்லிவினாடிக் கணக்கில் துடிப்பாகத்தான் தருவார்கள்.

இதற்கு முந்தைய ஆண்டு கேஷ்மார்க்கி குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. கோபால்ட் அடங்கிய சில சேர்மங்களில் அணுக் காந்தங்களின் அசைவாக ஓடும் சுழல் அலைகள், நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் ஒளியை விழுங்கும்போது, ஏறக்குறைய முழு ஒருவழித் தன்மை காட்டினார்கள். ஊஞ்சலை இரண்டு புலமும் சமமாகவே தள்ளும் இடம் அது. அதுவும் குளிரில்தான்.

விமானங்கள் போய்விட்டன, எழுதிக்கொண்டிருந்ததில் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஆகஸ்ட் 10

தெம்பனிஸ் தம்பி: "காந்தமே வேண்டாம், சிலிக்கான் பாதையை வடிவமைத்தே ஒருவழி ஆக்கிவிட்டார்கள் என்று படித்தேன்."

படித்தது உண்மை, ஆனால் அது அங்கேயே முடிந்துவிட்டது. 2011இல் ஒரு பெரிய இதழில் அப்படி ஒரு கட்டுரை வந்தது. 2012இல் அதே இதழில் பலர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்: முன்னால் போகும்போது ஒரு வகை அலைவடிவம் இன்னொன்றாக மாறுகிறது, பின்னால் வரும்போது வேறொன்றை அனுப்பிவிட்டு 'வரவில்லை' என்கிறீர்கள், வெளியே போன அதே வடிவத்தைத் திருப்பி அனுப்பினால் வந்த வழியே நன்றாக வரும். 2013இல் எது ஐசொலேட்டர், எது அல்ல என்று தனிக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று. வடிவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் நேர்கோட்டுத் தன்மையுள்ள (ஒளியின் வலிமையால் மாறாத), காலத்தால் மாறாத, காந்தமில்லாத பொருள் இருவழிதான். காந்தம் வேண்டாமென்றால் பொருளைக் காலத்தோடு அதிரவைக்க வேண்டும், அல்லது ஒளியின் வலிமைக்கேற்ப மாறும் பொருளாக இருக்க வேண்டும். பின்னதற்கும் குறைகள் உண்டு.

நம் ஊர்த் தொடர்பு ஒன்று. பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சோங் யிடோங், எம்ஐடியில் இருந்தபோது 2008, 2009இல் வெளிவந்த வேலையில் பங்கெடுத்தவர். காந்தப்புலத்தில் நிறுத்திய ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தூண் வரிசையின் ஓரமாக நுண்ணலை ஒரு பக்கம் மட்டும் ஓடும். குறுக்கே உலோகத்தை வைத்தால் சுற்றிக்கொண்டு போகுமே தவிர திரும்பாது. அங்கும் காந்தம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 12

தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் அக்கா ஒருவர் எழுதியது இந்த இழையிலேயே சிறந்த கேள்வி. ஒரே வெப்பநிலையில் இரண்டு அறைகள், நடுவே இந்தப் படிகம். இடப்பக்கத்து வெப்ப ஒளி வலப்பக்கம் போகும், எதிர்த் திசையில் போகாது. கொஞ்ச நேரத்தில் வலது அறை தானாகச் சூடாகும், இடது குளிரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்னாவது?

இதே சண்டை நூறாண்டுக்கு முன்னரே நடந்தது. ரேலியின் அமைப்பைப் பார்த்து 1900இல் இயற்பியலாளர் வீன் இப்படித்தான் கேட்டார். 1901இல் ரேலி பதில் எழுதினார்: தடுக்கப்பட்ட ஒளி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். போலரைசர் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டு வாசலையும் கணக்கில் சேர்த்தால் வரவும் செலவும் நேராகிவிடும்.

காந்த-மின் படிகத்தில் பக்கவாட்டு வாசல் இல்லை, ஒளி உள்ளேயே விழுங்கப்படுகிறது. இங்கே விடை இன்னும் அழகாக இருக்கிறது. விழுங்கும் பொருள் தானும் வெப்ப ஒளி உமிழும். இடமாக வரும் ஒளியைப் படிகம் முழுதாக விழுங்குகிறது என்றால், அது தானாக உமிழ்வதும் இடம் நோக்கியே முழுதாக இருக்க வேண்டும். இடது அறைக்கு வலது அறையின் ஒளி வந்து சேராவிட்டாலும், அதே அளவு ஒளி படிகத்திலிருந்து வந்து சேர்கிறது. வலம் போகும் ஒளியை விழுங்குவதும் இல்லை, வலமாக உமிழ்வதும் இல்லை. யாருக்கும் ஒரு காசு லாபம் கிடையாது.

ஒரு திசையில் அதிகம் உமிழும் பொருள் கற்பனை அல்ல. வெப்ப ஒளியல்லாத ஒளிர்வில், தாமிர மெட்டாபோரேட் எதிரெதிர்த் திசைகளில் பெரிதும் வேறுபட்டு ஒளிர்வதை 2016இல் அளந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13

அக்கா, இரண்டு அறையின் வெப்பநிலையும் வேறுபட்டால் என்ன ஆகும் என்ற உங்கள் அடுத்த கேள்விக்கும் அதே கணக்குதான். வெப்பநிலை வேறுபட்டால் விதி தடுக்காது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் போகும் வழியை மாற்றியமைக்கலாம். சூரிய ஒளியை வாங்கிவிட்டுச் சூரியன் பக்கமே திருப்பி உமிழாத தகடு செய்யலாமா என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 16

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். குளிர், 53 டெஸ்லா என்று அடுக்கியதில் ஏதோ ஆய்வகப் பொம்மை என்று ஒதுக்கியது போன்ற தொனி வந்திருக்கிறது. பாதிக்கு நான் அப்படித்தான் நினைக்கிறேன். கடலடிக் கேபிளில் கார்னெட்டின் இடத்தை இது பிடிக்காது. நான் ஓய்வு பெறும் வரை அந்த உருளைகளைத்தான் உருட்டிக்கொண்டிருப்பேன்.

மறு பாதி வேறு. 2024இல் ஒசாகா மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தினரும் டோக்கியோ பல்கலைக்கழகத்தினரும் லித்தியம் நிக்கல் பாஸ்பேட்டில் செய்த வேலை. சுமார் 21 கெல்வினுக்குக் கீழே அது எதிர்ஃபெர்ரோ காந்தம். அணுக் காந்தங்கள் எதிரும் புதிருமாக அடுக்கி, மொத்தத்தில் வெளியே காந்தம் இல்லாதிருக்கும். அதில் ஒளியைத் திருப்பினால் உட்கவர்தல் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. அலைநீளமும் எங்கள் தொழிலில் பயன்படும் அகச்சிவப்பை ஒட்டியது. புலத்தைக் கொடுத்து ஒருமுறை திசையைத் தேர்ந்துவிட்டால், புலத்தை எடுத்த பிறகும் அது நினைவில் வைத்துக்கொள்கிறது.

எனக்கு இதில் பிடித்தது ஒளியைத் தடுப்பது அல்ல, காந்த அடுக்கைப் படிப்பது. எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் மேல்-கீழ் அடுக்குக்கும் கீழ்-மேல் அடுக்குக்கும் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. காந்தமுள்ளை அருகே வைத்தால் இரண்டிலும் அசையாது. ஆனால் ஒளியை அனுப்பினால் ஒரு பகுதி கறுப்பாகவும் பக்கத்துப் பகுதி வெளுப்பாகவும் படத்தில் வந்து நிற்கின்றன. அடுக்கு புரண்டால் நிறம் புரளும். வெளிக் காந்தத்துக்கு அசைந்து கொடுக்காத பொருளில் தகவலை எழுதி ஒளியால் படிக்கலாம் என்றால், அது பொம்மை அல்ல.

ஆகஸ்ட் 17

"அறை வெப்பநிலையில் எதுவுமே இல்லையா?" உண்டு. பிஸ்மத் ஃபெரைட் 640 கெல்வின் வரை காந்த ஒழுங்கு தாங்கும். 2015இல் கேஷ்மார்க்கி குழு அதில் திசை வேறுபாடு காட்டியது, டெராஹெர்ட்ஸில். பழைய குரோமியம் ஆக்சைடும் உண்டு. பச்சைச் சாயத்தில் போடும் அதே தூள். 1993இல் அதிலிருந்து எதிரொளிக்கும் ஒளியில் இருவழி வழக்கம் மீறப்படுவதை ரஷ்யர்கள் அளந்தார்கள், மிகச் சிறிய அளவில். அதன் காந்த ஒழுங்கு 307 கெல்வினில் கலைகிறது, அதாவது 34 பாகை செல்சியஸ். நம் ஊரில் குளிரூட்டிய அறைக்குள் காந்த-மின் பொருள். நண்பகலில் காப்பிக்கடை வாசலில் வைத்தால் வெறும் பச்சைத் தூள் என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 20

தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்கு யோசனை கேட்கிறார். திரவ ஹீலியம் கேட்டு ஆசிரியரைப் பயமுறுத்தாதீர்கள். ஃபாரடே வழியில் போங்கள். விரல் நீளத்துக்குக் கன ஃபிளின்ட் (ஈயக்) கண்ணாடித் தண்டு, அதைச் சுற்றி நெருக்கமாகக் கம்பிச் சுருள், ஆய்வகத்தின் சிறு பச்சை லேசர், இரண்டு போலரைசர் தகடு. சுருள் சூடாகும், விட்டு விட்டு இயக்குங்கள். சில பாகைதான் சுழலும். தகடுகளை முதலில் குறுக்காக வைத்து இருட்டாக்கிவிட்டு, மின்னோட்டம் கொடுத்த பிறகு மீண்டும் இருட்டு வரும் கோணத்தைத் தேடினால் அளக்கலாம்.

அதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண். தண்டின் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு தண்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு குழாய் நிறையக் கெட்டியான சர்க்கரைக் கரைசலை வைத்து அதையே செய்யுங்கள். சர்க்கரையும் ஒரு போக்கில் ஒளியைச் சுழற்றும், ஆனால் திரும்பி வரும்போது சுழற்றியதை அவிழ்த்துவிடும்; மீதி சுழி. கண்ணாடித் தண்டில் கோணம் இரட்டிப்பாகும். அறிக்கையில் இந்த இரண்டு அளவீட்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். லேசர் இயங்கும்போது கண்ணாடியின் உயரத்துக்குத் தலையைக் குனியாதீர்கள்.